அம்மாவுடன் லிஸ்பன், செவில், மாட்ரிட், பார்சிலோனா: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு 12 நாள் போர்ச்சுகலும் ஸ்பெயினும் போகிறேன். அம்மாவுக்கு வயது 68, முட்டிவலி உண்டு, சுத்த சைவம். ரொம்ப நாள் ஆசை, அதனால் அவரைச் சிரமப்படுத்தாமல் கூட்டிப்போக வேண்டும்.

முதல் கவலை லிஸ்பன். அல்ஃபாமா பகுதி முழுக்க மேடும் படிக்கட்டும்தான், வழுவழுப்பான கற்கள் வேறு. 28ஆம் எண் டிராமில் ஏறலாம் என்றால் கூட்டமும் பிக்பாக்கெட்டும் அதிகம் என்கிறார்கள். காலையில் சீக்கிரம் போனால் உட்கார இடம் கிடைக்குமா? பைஷா போல சமதளமான இடத்தில் தங்குவது நல்லதா?

அப்புறம், லிஸ்பனிலிருந்து செவிலுக்கு நேரடி ரயில் இல்லை. பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் அம்மாவால் உட்கார முடியுமா என்று யோசிக்கிறேன். நடுவில் ஃபாரோவில் ஒரு இரவு தங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு அதிவேக ரயில் இரண்டரை மணி நேரம்தான், அதில் கவலையில்லை. அங்குள்ள சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கும் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டேன்.

சாப்பாடுதான் பெரிய கேள்வி. கீரை சூப்தானே என்று கால்டோ வெர்டே வாங்கினால் அதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்குமாம். செவிலில் கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்துச் செய்யும் பதார்த்தம் கிடைக்கும் என்று படித்தேன், அதை நம்பிப் போகலாமா? அங்கே இரவு உணவே ஒன்பது மணிக்கு மேல்தான் என்பதால், ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய அம்மாவுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? பெரியவர்களோடு போய்வந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.