வெள்ளை ஸ்னீக்கர், சாயங்காலமானால் சுண்டுவிரலைக் கடிக்கிறது. என்ன செய்யலாம்?

கேள்வி (திருநகர்):
தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையில் இருக்கிறேன். காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டேதான் வேலை. மூன்று வாரம் முன்பு 2,200 ரூபாய்க்குக் கணுக்கால் தெரிகிற மாதிரியான வெள்ளை ஸ்னீக்கர் வாங்கினேன். ஜீன்ஸுக்கும் கடை பேன்ட்டுக்கும் அழகாகப் பொருந்துகிறது. காலையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாகவும் இருந்தது. ஆனால் நாலு மணிக்கு மேல் சுண்டுவிரல் எரிகிறது, இரவில் குதிகால் வலி. போடப் போடச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். ஆகுமா? இல்லை, ஒரு நம்பர் கூட எடுக்க வேண்டுமா? சித்திரைத் திருவிழா நெருங்குகிறது, அப்போது உட்காரவே நேரம் இருக்காது.

பதில் (செல்லூர்):
தம்பி, காலையில் போட்டுப் பார்த்ததுதான் தப்பு. நாளெல்லாம் நின்றால் கால் வீங்கும், வெயிலுக்கு இன்னும் கூடும். சாயங்காலம், தினமும் போடுகிற சாக்ஸோடு போய்ப் பார்க்க வேண்டும். இன்றிரவு ஷூவுக்குள் இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு, குதிகாலை அதன் பின் ஓரத்தோடு சேர்த்து ஏறி நில்லுங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா? சுண்டுவிரல் வெளியே போகிறதா?

திருநகர்:
நின்று பார்த்தேன் அண்ணே. முன்னால் இடம் இருக்கிறது. சுண்டுவிரல் பாதி வெளியேதான் நிற்கிறது.

செல்லூர்:
அப்போ நீளம் சரி, அகலம்தான் பத்தவில்லை. நம்பரைக் கூட்டினால் குதிகால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் போடும். முன்பக்கம் அகலமான மாடலாகக் கேளுங்கள். துணியும் நல்ல தோலும் போடப் போடக் கொஞ்சம் இளகும். ரெக்சினை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பதில் (அனுப்பானடி):
நான் ஷூ தைத்துப் பழுது பார்க்கிறவன். குதிகால் வலிக்குக் காரணம் வேறு. இந்த மாதிரி ஷூவில் சோல் தடியாகத் தெரிந்தாலும், மெத்தென்று இருப்பது பெரும்பாலும் மேலே கிடக்கும் அட்டை மட்டும்தான். அதை விரலால் அழுத்திப் பாருங்கள். அப்படியே அமுங்கித் தரையைத் தொடுகிற ஸ்பாஞ்சு சீக்கிரம் செத்துப்போகும். ஈ.வி.ஏ. என்கிற கெட்டியான நுரை அட்டை வாங்கிப் போடலாம், ஆனால் பழையதை எடுத்துவிட்டுப் போடுங்கள். இரண்டையும் அடுக்கினால் ஷூ இன்னும் இறுகிவிடும்.

அடுத்த ஜோடி வாங்கும்போது அட்டையைத் தூக்கி உள்ளே பாருங்கள். சோல் ஓரத் தையலின் நூல் உள்ளேயும் ஓடினால் நிஜமாகவே தைத்தது. சிலதில் வெளியே தையல் மாதிரி கோடு மட்டும் அச்சில் வார்த்திருப்பார்கள், பிடித்திருப்பது வெறும் பசை. நான் முதலில் பார்ப்பது இதைத்தான், நிறமெல்லாம் அப்புறம்.

பதில் (பழங்காநத்தம்):
ஷூவை மட்டும் குறை சொல்ல முடியாது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. முதலாளியிடம் தயங்காமல் கேளுங்கள்.

திருநகர் (பத்து நாள் கழித்து):
வேலை முடிந்த கையோடு டவுன்ஹால் ரோடு பக்கம் போய், வீங்கின காலோடு நாலு ஜோடி போட்டுப் பார்த்தேன். அகலமான சாம்பல் நிறக் கேன்வாஸ், 1,600 ரூபாய், உள்ளே நூல் தெரிகிறது. எரிச்சல் போய்விட்டது, குதிகால் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. வெள்ளை ஜோடி ஒல்லிக் காலுள்ள என் தம்பிக்குச் சரியாக இருக்கிறது. பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூலும் வந்திருக்கிறது.