காம்போ பில்லில் டிவிக்கு மட்டும் எவ்வளவு? டிவியை நீக்கினால் பில் கூடுமாம்!

கேட்டவர்: மழைத்துளி

வீட்டு இணையம், லேண்ட்லைன், டிவி மூன்றும் ஒரே நிறுவனத்திடம், ஒரே பில்லில் வருகின்றன. டிவியை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை, எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று பில்லைத் திறந்து பார்த்தால் எங்கேயும் இல்லை. மேலே "மாதாந்திர பேக்கேஜ் கட்டணம்" என்று ஒரே தொகை. கீழே "இணையம்: அடக்கம், அழைப்பு: அடக்கம், டிவி: அடக்கம்". அப்புறம் "கருவி வாடகை", "நெட்வொர்க் பராமரிப்பு", கழித்தல் குறியோடு "பேக்கேஜ் தள்ளுபடி", கடைசியில் அரசு வரி.

கஸ்டமர் கேரில் கேட்டால், டிவியை எடுத்தால் மாதக் கட்டணம் கூடும் என்கிறார்கள். மூன்றில் ஒன்றைக் குறைத்தால் எப்படிக் கூடும்? இன்னொன்று. சமீபத்தில் சில நாள் டிவி வரவே இல்லை. அதற்காக அடுத்த பில்லில் ஒரு சின்னத் தொகையைக் கழித்தார்கள். டிவிக்குத் தனி விலையே இல்லை என்றால் அந்தக் கழிவை எதை வைத்துப் போட்டார்கள்? யாராவது விளக்குங்கள்.

பதில்: கம்பிவலை

கூடும் என்பது உண்மையாகவே இருக்கலாம். தள்ளுபடி மூன்றையும் சேர்த்து வாங்குவதற்கானது. ஒன்றை எடுத்தால் தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

ஒரு பேச்சுக்கு, தனித்தனியாக வாங்கினால் இணையம் 60, டிவி 40, லேண்ட்லைன் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 120. பேக்கேஜில் 75-க்குத் தருகிறார்கள், அதாவது தள்ளுபடி 45. டிவியை எடுத்தால் மீதி 80, தள்ளுபடி கிடையாது. 75 கட்டிய இடத்தில் 80 கட்ட வேண்டும்.

பதில்: தணிக்கைமேசை

கம்பிவலை சொன்ன அதே எண்களை வைத்தே இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவன்.

ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பின்பற்றும் நிறுவனங்கள், பல சேவைகளைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், அந்த விலையைப் பொதுவாகத் தனி விற்பனை விலைகளின் விகிதத்தில் பிரித்துப் பதிய வேண்டும். தனியாக விற்காத பொருளாக இருந்தால்கூட ஒரு விலையை மதிப்பிட்டே ஆக வேண்டும். பிளானோடு "இலவசமாக" வரும் கைபேசிக்கும் இதே கணக்குதான்: உங்கள் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தக் கைபேசியின் விலையாக அவர்கள் ஏட்டில் ஏறும்.

இங்கே டிவியின் பங்கு 120-இல் 40. 75-இல் மூன்றில் ஒரு பங்கு 25. ஆக, ஒரே டிவிக்கு மூன்று எண்கள். தனியாக வாங்கினால் 40. கணக்கேட்டில் 25. அதை எடுத்துவிட்டால் உங்களுக்கு மிச்சம்... மிச்சமே இல்லை, 5 கூடுதல் செலவு. டிவி வராத நாளுக்குக் கழிக்கும்போது 40-ஐ எடுத்தார்களா, 25-ஐ எடுத்தார்களா, வேறு ஏதாவதா என்பது பில்லில் தெரியாது. விளம்பரத்தில் "40 மதிப்புள்ள டிவி" என்று காட்டிவிட்டு, வராத நாளுக்கு மட்டும் சின்ன எண்ணை எடுப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. எந்த எண் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதில்: ஆற்றுமணல்

மொத்தத் தொகை கட்டுப்படியானால் கட்டுங்கள், இல்லையென்றால் வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள். உள்ளே எதற்கு எவ்வளவு என்று தோண்டி என்ன பயன்?

பதில்: கம்பிவலை

மாறுவதற்கே அது தேவைப்படுகிறதே. வேறு இடத்தில் இணையம் மட்டும் என்ன விலை என்று பார்க்கிறோம். அதை இங்கே எதோடு ஒப்பிடுவது? கட்டணத்தை உயர்த்தும்போதும் அப்படித்தான். மொத்தம் மட்டும் கூடியிருந்தால், இணையம் ஏறியதா, டிவி ஏறியதா, தள்ளுபடி காலம் முடிந்ததா என்று தெரியாது. பெரும்பாலும் கடைசியில் சொன்னதுதான் காரணமாக இருக்கும், ஆனால் தள்ளுபடி முடியும் தேதியை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

பதில்: தெருவிளக்கு

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை, விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பு உங்கள் பிரச்சினையை நேரடியாகவே தொடுகிறது. பேக்கேஜில் உள்ள சேவை தனியாகவும் விற்கப்படுகிறது என்றால், அதன் தனி விலையை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். அதன் 107-ஆவது பிரிவு இன்னும் முக்கியம். ஒரு சேவை சரியாக வழங்கப்படாததால் அதை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டால், முழு பேக்கேஜையும் ரத்து செய்யலாம்.

அமெரிக்காவில் 2024 முதல் இணைய பிளான்களுக்கு உணவுப் பொட்டலத்தில் இருப்பதுபோல ஒரு விவர லேபிள் போடச் சொன்னார்கள். மாத விலை, அது அறிமுகச் சலுகையா, எப்போது முடியும், தனிக் கட்டணங்கள் எவை என்று அதில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் தன் சொந்த ரௌட்டரைப் பயன்படுத்தினால் வாடகை வாங்கக்கூடாது என்ற சட்டமும் அங்கே 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், டேட்டா இல்லாமல் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜும் தர வேண்டும் என்று விதியைத் திருத்தியது. வேண்டாததைச் சேர்த்து விற்காதே என்பதுதான் அதிலும் விஷயம்.

அப்புறம் அந்த "நெட்வொர்க் பராமரிப்பு". அரசு வரிக்குப் பக்கத்தில் இருப்பதால் வரி என்றே பலர் நினைத்துக் கட்டுகிறார்கள். பல இடங்களில் அது நிறுவனமே போடும் கட்டணம். அரசுக்குப் போகிறதா என்று ஒரே வரியில் கேளுங்கள்.

பதில்: தணிக்கைமேசை

போனில் பேசாதீர்கள். மின்னஞ்சலில் இப்படி அனுப்புங்கள்:

"என் பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு சேவையின் தனி விலை, தள்ளுபடி எந்தச் சேவைக்கு உரியது, எந்தத் தேதியில் முடிகிறது, டிவியை நீக்கினால் வரியோடு சேர்த்து நான் கட்ட வேண்டிய தொகை, டிவி இல்லாத வேறு பேக்கேஜ்கள், கருவி வாடகை எந்தெந்தக் கருவிக்கு, டிவி தடைப்பட்ட நாட்களுக்கான கழிவைக் கணக்கிட்ட முறை ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கவும்."

புகார் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

பதில்: மழைத்துளி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதில் வந்துவிட்டது. டிவி இல்லாமல் இணையமும் லேண்ட்லைனும் மட்டும் உள்ள ஒரு பேக்கேஜ் இருக்கிறதாம்! இணையதளத்தின் முகப்பில் அது இல்லை, போனில் பேசியவரும் சொல்லவில்லை. கம்பிவலையின் எண்களில் சொன்னால் 75-க்குப் பதில் கிட்டத்தட்ட 65. வாடகை இரண்டு கருவிகளுக்கு, ரௌட்டருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும். பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தால் அதுவும் குறையும். பராமரிப்புக் கட்டணம் அவர்களுடையதுதான், அரசு வரி இல்லை. கழிவைக் கணக்கிட்ட முறைக்கு மட்டும் "நிறுவனக் கொள்கைப்படி" என்று முடித்துவிட்டார்கள், அதை மேல்முறையீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பாக்ஸைக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: தெருவிளக்கு

பாக்ஸின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட், அடாப்டர், கேபிள் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணும் தேதியும் உள்ள ரசீதை வாங்குங்கள். மாறிய மாதத்தின் பில்லில் பழைய பேக்கேஜுக்குச் சில நாள், புதியதற்குச் சில நாள் என்று பிரித்து வரும், அதனால் தொகை குழப்பமாகத் தெரியலாம். அதற்கடுத்த பில்லிலும் பாக்ஸ் வாடகை இருந்தால் ரசீதை இணைத்து உடனே எழுதுங்கள்.