டைனஸ்டில அடிபட்ட பர்ரோவ இப்பவே தூக்கலாமா? (சூப்பர்ஃப்ளெக்ஸ், 12 டீம், 2023 நவம்பர்)

கடைசிடவுன்:
வணக்கம் மக்களே. எங்களோடது அமெரிக்கன் ஃபுட்பால் (என்எஃப்எல்) ஃபேன்டஸி லீக், டைனஸ்டி வகை (ப்ளேயர்ஸ வருஷா வருஷம் நம்மகிட்டயே வச்சுக்கலாம்), 12 டீம், சூப்பர்ஃப்ளெக்ஸ் (க்யூபி, அதாவது பந்த எறியுற குவார்ட்டர்பேக், ரெண்டு பேர இறக்கலாம்), பாஸிங் டச்டவுனுக்கு 4 பாயிண்ட். நான் 3-8 (3 வெற்றி, 8 தோல்வி), இந்த வருஷம் நம்ம கதை முடிஞ்சாச்சு. பெங்கால்ஸ் க்யூபி ஜோ பர்ரோ மேட்டர் எல்லாருக்கும் தெரியும், வியாழக்கிழமை ரேவன்ஸ் மேட்ச்ல மிக்சனுக்கு டச்டவுன் போட்ட கையோட சைட்லைன்ல போய் பந்த எறிஞ்சு பாத்தா கையில பிடியே நிக்கல, எறியுற கை மணிக்கட்டுல லிகமெண்ட் கிழிஞ்சிருக்கு, சீசன் அவுட். அவர வச்சிருக்கவன் 8-3, அவனோட ரெண்டாவது க்யூபி யாருன்னா டெஷான் வாட்சன், அவருக்கும் அதே வாரம் தோள்பட்டை எலும்பு உடைஞ்சு சீசன் போச்சு. சாட்ல "பர்ரோ வேணும்னா பேசுங்க"ன்னு போட்டிருக்கான். என்கிட்ட க்யூபிங்க ஸ்ட்ரௌட், காஃப் (லயன்ஸ்), ரிசீவர் கீனன் ஆலன், அப்புறம் 2024 ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் (ட்ராஃப்ட்ல புது ப்ளேயர எடுக்கிற முறை) ரெண்டு. ஒண்ணு என்னோடது (டாப் 3க்குள்ள வரும்), இன்னொண்ணு லீக்ல முதல் இடத்துல இருக்கவன்கிட்ட வாங்கினது, கடைசில தான் விழும். என்ன குடுத்து கேக்கலாம்? இல்ல ஆபரேஷன் முடியட்டும்னு காத்திருக்கலாமா?

டச்பேக்தம்பி:
காத்திருக்காத ப்ரோ. ஆகஸ்ட்ல கேம்ப்ல பந்து எறியுற வீடியோ ஒண்ணு வந்தா போதும், பழைய விலை திரும்பிடும். இன்னைக்கு அவனுக்கு என்ன வேணும்னு பாரு. 8-3ல இருக்கான், 15ல இருந்து 17வது வாரம் வரைக்கும் ப்ளேஆஃப், க்யூபி இடத்துல ஆடுறதுக்கு ஆளே இல்ல. இதே பர்ரோ ஒரு 2-9 டீம்கிட்ட இருந்தா சும்மா பெஞ்ச்ல உக்கார வச்சிட்டு அடுத்த வருஷம் எடுத்துப்பான், பத்து பைசா குறைக்க மாட்டான். நீ காஃப் + ஆலன் + அந்த கடைசி பிக்னு ஆரம்பி. ஆலனுக்கு 31 வயசு, இப்ப வெளுத்து வாங்குறார், ஆனா உன் டீம் ஜெயிக்கிற நேரத்துக்கு இருப்பாரா? அவனுக்கோ இந்த மாசமே வேணும்.

ஸ்னாப்கவுண்ட்:
எல்லாரும் கொஞ்சம் நிதானமா இருங்கப்பா. பர்ரோவுக்கு 2020ல முழங்கால் ஏசிஎல் (லிகமெண்ட்), இந்த ஜூலைல கெண்டைக்கால், இப்ப மணிக்கட்டு. 2021 சீசன்ல மட்டும் 51 தடவ சாக் ஆனவர் (பந்த எறியுறதுக்குள்ள எதிரணி பிடிச்சு வீழ்த்துறது), அது போதாதுன்னு டைட்டன்ஸ் ப்ளேஆஃப் மேட்ச்ல ஒரே நாள்ல 9. காயம் தற்செயல்னு சொல்லலாம், ஆனா அடி வாங்குற ஆஃபென்ஸ்ல ஆடுறார்ல? ஈகிள்ஸ் க்யூபி வென்ட்ஸ் ஞாபகம் இருக்கா, 2017ல 33 டச்டவுன், எம்விபி (சீசனோட சிறந்த ப்ளேயர்) பேச்சு, டிசம்பர்ல ஏசிஎல் போச்சு, அப்புறம் அந்த வென்ட்ஸ் திரும்பி வரவே இல்ல. கோல்ட்ஸ் க்யூபி ஆண்ட்ரூ லக் கதை இன்னும் மோசம், தோள்பட்டையால 2017 முழுசும் ஆடல, 2018ல 39 டச்டவுன் போட்டு அசத்தினார், 2019 ஆகஸ்ட்ல 29 வயசுல ரிட்டயர்மெண்ட். எறியுற கையில அடின்னா நான் பயப்படுவேன்.

சூப்பர்ஃப்ளெக்ஸ் சித்தப்பா:
ஸ்னாப்கவுண்ட் தம்பி, வென்ட்ஸ சொன்னா கவ்பாய்ஸ் க்யூபி டாக் ப்ரெஸ்காட்டையும் சொல்லணும்ல. 2020ல கணுக்கால் திரும்பிக்கிட்டு இருந்தத டிவில பாத்தோம், அடுத்த வருஷமே 37 டச்டவுன். பர்ரோவே ஏசிஎல்லுக்கு அப்புறம் 2021ல 4,611 யார்டு, 34 டச்டவுன், சூப்பர் பவுல் வரைக்கும் போனார். கெண்டைக்கால் சரியான பிறகு என்ன பண்ணார்னு மறந்துட்டீங்களா, 49ers டீம் கூட எறிஞ்ச 32ல 28 கம்ப்ளீஷன், ஒரு மாசம் கூட ஆகல. ஓடி பாயிண்ட் எடுக்கிற க்யூபிக்கு கால் போனா பாதி மதிப்பு போகும், இவர் பாக்கெட்ல நின்னு எறியுறவர், ஆகவேண்டியது அந்த ஒரு மணிக்கட்டு மட்டும் தான், அதுக்கு ஒன்பது மாசம் டைம் இருக்கு. செப்டம்பர்ல தான் 5 வருஷத்துக்கு 27.5 கோடி டாலர் காண்ட்ராக்ட், வயசு 27 கூட ஆகல.

ஆனா தம்பி, சூப்பர்ஃப்ளெக்ஸ்ல பர்ரோ பாதி விலைக்கு வருவார்னு கனவு காணாத. கொஞ்சம் தான் இறங்கியிருக்கு. கடைசி பிக்குக்கு ஒத்துக்கலன்னா உன் சொந்த பிக்கையே குடு. இப்ப காலேஜ்ல ஆடுற க்யூபிங்க கேலப் வில்லியம்ஸ், ட்ரேக் மேன்னு எல்லாரும் ஆசைப்படுறது எதுக்கு, அவங்க பர்ரோ மாதிரி ஆகணும்னு தான? பர்ரோவே கிடைக்கும்போது எதுக்கு லாட்டரி?

டச்பேக்தம்பி:
சித்தப்பா சொல்றது ஒரு அளவுக்கு ஓகே, ஆனா முதல் மெசேஜ்லயே சொந்த பிக்க காட்டிடாத. ஒருமுறை காட்டிட்டா அது இல்லாம பேச்சே நகராது. அப்புறம் ஞாயித்துக்கிழமை காஃப் பேர்ஸ் கூட மூணு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்ச பந்து) போட்டாரே, அத அவன் இழுப்பான், கடைசில ஜெயிச்சது லயன்ஸ் தான்னு சொல்லிடு.

கடைசிடவுன்:
அப்டேட். காஃப் + ஆலன் + கடைசி பிக் அனுப்பினேன், பத்து நிமிஷத்துல ரிஜெக்ட். கவுண்டர்ல என் சொந்த பிக் கேக்குறான், ஆலனும் வேணுமாம், பதிலுக்கு அவனோட 2024 செகண்ட் ரவுண்ட் பிக் தர்றானாம். காஃப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, வாட்சன் நிலைமைல யாரு கிடைச்சாலும் போதும்னு இருக்கான் போல.

ஸ்னாப்கவுண்ட்:
நானா இருந்தா ஆலன விட்டுடுவேன், பிக்க விட மாட்டேன். கடைசி பிக்கோட ஒரு 2025 ஃபர்ஸ்ட் சேத்து கேட்டுப் பாரு. 2025 எங்க விழும்னு யாருக்கும் தெரியாது, ஸ்ட்ரௌட், பர்ரோ ரெண்டு பேரும் இருந்தா உன்னோடது கீழ தான் போகும்.

சூப்பர்ஃப்ளெக்ஸ் சித்தப்பா:
அடடே, பயந்தவரே நல்ல ஐடியா குடுத்துட்டார். அது தான் சரி, ரெண்டு ஃபர்ஸ்ட்னு கேட்டாலே அவனுக்கு கனமா தெரியும். வியாழக்கிழமை லயன்ஸ் மேட்ச் பகல்லயே ஆரம்பிச்சிடும், காஃப் அவன் லைனப்ல இருக்கணும்னா அதுக்குள்ள முடிச்சாகணும், அத அவனுக்கு ஞாபகப்படுத்து.

கடைசிடவுன்:
காஃப் + ஆலன் + 2024 கடைசி பிக் + என் 2025 ஃபர்ஸ்ட், அக்செப்ட் பண்ணிட்டான்! செகண்ட் கேட்டேன், தரல, போகட்டும். இப்ப ஐஆர் ஸ்லாட் (அடிபட்டவங்கள வைக்கிற இடம்) ஃபுல்லா இருக்கு, பர்ரோவுக்காக யாரயாவது ட்ராப் பண்ணணும், அதுக்கு தனியா ஒரு த்ரெட் போடுறேன்.