பால் கொடுக்கும் தாய்மாருக்கு எந்தச் செயலியைப் பரிந்துரைக்கலாம்?

கேள்வி – செவிலியர், மதுரை மாவட்டம்

வணக்கம். நான் மகப்பேறு வார்டில் பணிபுரிகிறேன். சுகப்பிரசவமான தாய்மார் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். பால் கட்டிக்கொள்வதும், காம்பு வெடிப்பதும், குழந்தை இரவெல்லாம் அழுவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. நள்ளிரவில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களிடம் கைபேசியைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நல்ல செயலியைச் சொல்லி அனுப்பலாம் என்று எங்கள் பிரிவில் பேசி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான்கைந்தை இறக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எந்தப் பக்கம் எத்தனை நிமிடம் கொடுத்தோம் என்று குறிக்கும் கடிகாரம் இருக்கிறது. ஒரு செயலி நல்லதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1 – குழந்தை நல மருத்துவர், திருச்சி

அந்தக் கடிகாரத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன், சகோதரி. ஒரு குழந்தை பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்து உறங்கிவிடும், இன்னொன்று அரை மணி நேரம் சப்பும். இரண்டுமே நன்றாக வளரக்கூடும். முதல் வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. போதிய பால் கிடைக்கிறதா என்பதைக் குழந்தையின் ஈரத்துணியும் எடையும்தான் சொல்லும். ஐந்தாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் நாட்களில் எடை சற்றுக் குறைவது வழக்கம். ஆனால் பத்து சதவீதத்தை நெருங்கினால் உடனே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடை திரும்பிவிடும், அதன்பின் முதல் மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். இவற்றை முதல் பக்கத்தில் கேட்கும் செயலியைத் தேர்ந்தெடுங்கள்.

என்னிடம் வந்த ஒரு தாயின் செயலி, ஏழு நிமிடத்தில் முடிந்த ஒவ்வொரு வேளையையும் சிவப்பில் காட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பால் போதவில்லை என்று வீட்டார் முடிவுகட்டி, புட்டிப்பால் தொடங்கிவிட்டார்கள். அதுவரை குழந்தையின் எடை நன்றாகவே ஏறியிருந்தது. புட்டியில் குடித்த குழந்தை மார்பில் குறைவாகச் சப்பும். மார்பில் பால் தேங்கத் தேங்கச் சுரப்பும் குறையும். ஆகவே அந்தச் சிவப்பு நிறம் சொன்ன பொய் பதினைந்து நாளில் உண்மையாகிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் பெண் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பதில் 2 – பணிக்குத் திரும்பிய தாய், கோயம்புத்தூர்

ஒரு கையில் குழந்தையை ஏந்தியபடி, இருட்டில், கட்டைவிரலால் இயக்க முடிகிறதா என்று பாருங்கள் அக்கா. எழுத்தாக இருப்பதைவிடத் தமிழில் ஒலியாகவோ காணொளியாகவோ இருப்பது மேல். காம்பை மட்டுமல்லாமல் கருவட்டத்தின் பெரும்பகுதியையும் குழந்தை வாய்க்குள் வாங்க வேண்டும் என்பதை எனக்குப் பத்துப் பேர் சொன்னார்கள். கண்ணால் பார்த்த பிறகுதான் புரிந்தது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இதைக் காட்டும் காணொளிகள் தமிழிலும் இருக்கின்றன.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். பீய்ச்சிய பால் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று பல செயலிகள் சொல்கின்றன. அந்தக் கணக்கு 25 டிகிரி வரையுள்ள அறைக்கானது. சித்திரை வெயிலில் மதுரையின் எந்த வீட்டில் அந்தக் குளிர்ச்சி இருக்கும்? வெப்பநிலையைக் குறிப்பிடாமல் மணிக்கணக்கை மட்டும் சொல்லும் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 3 – மென்பொருள் பொறியாளர், சென்னை

செயலியை நடத்துவது யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய விளம்பரம் ஒன்று தென்பட்டாலும் அந்தச் செயலியை ஒதுக்கிவிடலாம். மாதவிடாய், கருத்தரிப்புக் குறிப்புகளைச் சேமிக்கும் ஃப்ளோ செயலி, பயனர்களின் விவரங்களைப் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கு 2021இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. ஆகவே பெயரும் எண்ணும் கேட்காமல், இணையம் இல்லாதபோதும் இயங்குகிறதா என்று பாருங்கள். தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்பதற்குத் தாய்ப்பால் செயலிக்கு எந்தக் காரணமும் இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஈரத்துணிக் கணக்கு, தமிழ் ஒலி, விளம்பரமின்மை ஆகிய மூன்றையும் வைத்து வடிகட்டியதில் என் பட்டியலில் ஒன்றே மிஞ்சியது. கடிகாரத்தை அணைத்துவைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் முன்பே, வார்டிலேயே திறந்து பழகச் செய்யப் போகிறேன். ஆனால் எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒரே கைபேசிதான். பகலில் அதைக் கணவர் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார். அவர்களுக்கு என்ன செய்வது?

பதில் 1 – குழந்தை நல மருத்துவர், திருச்சி

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் ஏழு நாட்களுக்கான கட்டம் போட்டு, ஒவ்வொரு ஈரத்துணிக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கீழே 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணையும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக் கைபேசியிலிருந்தும் அழைக்கலாம்.