பார்பியின் இடுப்பு: துணிக்காகவா, பார்வைக்காகவா?

ஊசிநூல்:
பொம்மையும் பெண்ணுடலும் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் பார்பியின் ஒடுங்கிய இடுப்பில் வந்து நிற்கிறார்கள். பொம்மைக்கு உடுப்புத் தைப்பவர்கள் பக்கத்துக் கணக்கை யாரும் கேட்பதில்லை. அதை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

பார்பி ஏறத்தாழ 29 செ.மீ. ஆறில் ஒரு பங்கு அளவு என்று வைத்தால் 174 செ.மீ. உயரமுள்ள பெண். உடம்பை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம், துணியைச் சுருக்க வழியில்லை. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பாப்ளின்கூட பொம்மை மேல் ஏறினால் நாம் ஒன்றரை மில்லிமீட்டர் கம்பளியை உடுத்திய மாதிரிதான் விறைத்து நிற்கும். எல்லா அடுக்கும் வந்து சேரும் இடம் இடுப்பு. உள்ளே சொருகிய சட்டை, பட்டையின் இரண்டு மடிப்பு, தையலுக்கு விட்ட விளிம்பு, பாவாடைச் சுருக்கு, பின்னால் வெல்க்ரோ. இடுப்பு நிஜ அளவில் இருந்தால் உடுத்திய பிறகு பொம்மை பீப்பாய் போல் ஆகிவிடும்.

1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைச் சந்தையில், பார்பியை உருவாக்கிய மேட்டல் நிறுவனத்தின் ரூத் ஹேண்ட்லர் அதை அறிமுகம் செய்தபோது பொம்மை 3 டாலர், உடுப்புகளுக்குத் தனி விலை. வியாபாரமே உடுப்பில்தான் இருந்தது. பார்பியின் வடிவமைப்புக்குத் தலைமை வகித்த கிம் கல்மோன் 2014-இல் சொன்னதும் இதைத்தான்: அந்த உடல் நிஜம் போல் இருப்பதற்காகச் செய்யப்படவில்லை, குழந்தைகள் எளிதாக உடுத்திக் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டது.

வெண்பலகை:
உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன், ஊசிநூல். கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வளைவின் மேல் தடிமன் ஏறினால் சுற்றளவு எவ்வளவு கூடும்? தடிமனை 6.28-ஆல் பெருக்கினால் போதும். இடுப்பு வட்டமாக இருந்தாலும் நீள்வட்டமாக இருந்தாலும் விடை ஒன்றுதான். கால் மில்லிமீட்டர் துணி ஐந்து அடுக்கு என்றால் 1.25 மி.மீ. சுற்றளவில் கூடுவது சுமார் 8 மி.மீ.

ரெடிமேட் கடையில் மீடியம் அளவுக்கு இடுப்பு சுமார் 76 செ.மீ. அதில் ஆறில் ஒரு பங்கு 12.7. துணிக்கு 8 மி.மீ. விட்டுக்கொடுத்தால் வெறும் பொம்மையின் இடுப்பு 11.9 இருக்கலாம். பார்பியின் இடுப்பில் ஒரு நூலைச் சுற்றி அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எந்தக் காலத்து உடல் என்பதைப் பொறுத்து 8 முதல் 9 செ.மீ. வரும். துணிக்கென்று விட்டதுபோக இன்னும் 3 செ.மீ. குறைகிறது. மனித அளவில் 18 செ.மீ. இந்தப் பதினெட்டுக்குத் துணியைக் காரணம் காட்ட முடியாது.

ஊசிநூல்:
ஐந்து அடுக்கு என்பது மிகக் குறைவு. பட்டைக்குள் போகும் பாவாடை ஒன்றுக்கு இரண்டரை மடங்கு சுருக்கியது. சட்டையின் கீழ் விளிம்பும் மடித்தது. சரியாக எண்ணினால் பத்து அடுக்கு வரும். 2.5 மி.மீ. தடிமன், சுற்றளவில் 16 மி.மீ.

சேலை என்றால் இன்னும் மோசம். ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்தால் 92 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம். அதை அப்படியே கட்டி, நாம் வைக்கிற அளவுக்குக் கொசுவமும் வைத்தால் முன்பக்கம் மட்டும் பதினைந்து அடுக்குக்கு மேல் சேர்ந்து வயிறு முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பொம்மைச் சேலை கட்டத் தெரிந்தவர்கள் கொசுவத்தை மூன்றோடு நிறுத்துவார்கள். அல்லது கொசுவத்தைத் தனியே அயர்ன் செய்து, மெல்லிய நாடாவில் தைத்து, நாடாவை மட்டும் உள்ளே விடுவார்கள். பாவாடையில் எலாஸ்டிக் வைத்தால் காரியம் கெடும். அது சுருங்கும் இடத்திலெல்லாம் துணி இரட்டிக்கும்.

வெண்பலகை:
சரி, பத்து அடுக்கு. 12.7-இல் 1.6 கழித்தால் 11.1. இன்னும் 2 செ.மீ.க்கு மேல் பாக்கி. மனித அளவில் 12, 13 செ.மீ. உங்கள் வாதத்தில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பாதிக் கணக்குக்குத்தான் விடை. கழுத்தும் கணுக்காலும் ஏன் அவ்வளவு மெல்லிசு? அங்கே சுருக்கும் இல்லை, பட்டையும் இல்லை.

மூட்டுக்காரர்:
இதுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொம்மை இருக்கு, அதை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. 1964-ல ஹாஸ்ப்ரோ கம்பெனி கொண்டுவந்த ஜி.ஐ. ஜோங்கற பட்டாளத்து ஆண் பொம்மை. அதுவும் ஏறக்குறைய அதே உயரம், அதுக்கும் துணி உடுப்புதான், அதுவும் பட்டாளத்துச் சீருடை. பாப்ளினைவிடத் தடிமன். ஹாரிசன் போப்பும் கூட இருந்தவங்களும் 1999-ல வெளியிட்ட ஆய்வுல அந்தப் பொம்மையை 5 அடி 10 அங்குல ஆளா நினைச்சுக் கணக்குப் போட்டாங்க. இடுப்பு 31.7 அங்குலம், புஜம் 12.2. தெருவுல நடந்து போற ஆம்பளை உடம்பு! அதே அளவு, அதே துணிச் சிக்கல், ஆனா ஆணோட இடுப்பை யாரும் ஒடுக்கலை.

இன்னொண்ணு. பார்பியோட உருவம் தையல் மேசையில பிறந்ததும் இல்ல. ஜெர்மனியில பில்ட் பத்திரிகையில வந்த லில்லிங்கற கார்ட்டூன் பொண்ணை 1955-ல பொம்மையா செஞ்சு வித்தாங்க, முக்கியமா பெரியவங்களுக்கு. ரூத் ஹேண்ட்லர் ஐரோப்பா போனப்ப அதை வாங்கிட்டு வந்துதான் பார்பி உருவாச்சு. 1964-ல மேட்டல் லில்லியோட உரிமையையே வாங்கிடுச்சு. ஒடுங்கின இடுப்பு, ஓரக்கண் பார்வை, குதிகால் செருப்புக்குன்னே வளைஞ்ச பாதம் எல்லாம் அங்கிருந்து வந்தது. நேரா பார்க்கிற கண்ணு பார்பிக்குக் கிடைச்சதே 1971-ல, மலிபு பார்பியில.

ஊசிநூல்:
ஜி.ஐ. ஜோ ஒப்பீடு நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்தச் சீருடைகள் தொளதொளவென்று தைத்தவை. உப்பியிருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பார்பியின் உடுப்பு 1950-களின் பாரிஸ் பாணியில் இடுப்பை இறுக்கிப் பிடிப்பது, அதனால் உப்பல் கண்ணில் குத்தும். அந்தப் பாணியைத் தேர்ந்ததே ஒரு முடிவு என்று நீங்கள் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆறிலொன்று:
அளவு பற்றிய சண்டை இருக்கட்டும். குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதல்லவா கேள்வி? எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 2006-இல் பிரிட்டனில் டிட்மார் குழுவினர் செய்தது. 5 முதல் 8 வயது வரை 162 சிறுமிகள். பார்பி படக்கதை பார்த்தவர்களுக்குத் தங்கள் உடல் மீதான மதிப்புக் குறைந்தது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் படம் பார்த்தார்கள், பொம்மையோடு விளையாடவில்லை. மூத்த வயதுக் குழுவில் அந்த விளைவும் தெரியவில்லை. 2010-இல் நெதர்லாந்தில் 117 சிறுமிகள் நிஜமாகவே பொம்மையோடு விளையாடினார்கள். ஒல்லிப் பொம்மையால் உடல் பற்றிய எண்ணத்தில் மாற்றம் எதுவும் தென்படவில்லை.

ஹெல்சின்கி ஆய்வு ஒன்றும் அடிக்கடி வலம் வருகிறது, பார்பிக்கு மாதவிடாய் வருமளவு கொழுப்பு இருக்காது என்று. 1992-இல் அங்கே அளந்து வெளியிட்டது துணிக்கடை வாசலில் நிற்கும் ஆளுயரப் பொம்மைகளை. தயவுசெய்து அதைப் பார்பியின் தலையில் கட்டாதீர்கள்.

வெண்பலகை:
ஹெல்சின்கி பற்றிய திருத்தத்துக்கு நன்றி. அதைச் சொன்னவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் நெதர்லாந்து ஆய்வில் பாதியை விட்டுவிட்டீர்கள். விளையாடி முடித்ததும் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வைத்தார்கள். சராசரி உடல்வாகுள்ள பொம்மையோடு விளையாடியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். கேள்வித்தாளில் எதுவும் தெரியவில்லை, தட்டில் தெரிந்தது. ஆறு வயதுப் பிள்ளையிடம் "உன் உடம்பு உனக்குப் பிடித்திருக்கிறதா" என்று கேட்டு வாங்கும் பதிலைவிட அவள் கை எவ்வளவு எடுத்தது என்பதை நம்புவேன். 2021-இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் பூத்ராய்ட் குழு 5 முதல் 9 வயதுச் சிறுமிகளை மிக ஒல்லியான பொம்மைகளோடு சில நிமிடங்களே விளையாட விட்டது. "எனக்கு இப்படி இருக்கணும்" என்று அவர்கள் தேர்ந்த உடல் இன்னும் ஒல்லியானது. பிறகு சாதாரண உடல்வாகுப் பொம்மையைக் கொடுத்தும் அது மீளவில்லை. பங்கேற்றவர்கள் ஏறத்தாழ 30 பேர்தான், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் கடைசிப் பகுதிதான் என்னை உறுத்துகிறது.

உடம்பின் அளவு மட்டும் பேசுகிறோம். கூட வந்த சாமான்களைப் பாருங்கள். 1963-இல் குழந்தை பார்த்துக்கொள்ளும் பார்பியின் பெட்டியில் 'எடை குறைப்பது எப்படி' என்று ஒரு குட்டிப் புத்தகம். அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை: 'சாப்பிடாதே'. 1965-இல் 'ஸ்லம்பர் பார்ட்டி' (தோழிகள் கூடி இரவு தங்கும் விருந்து) பார்பியோடு ஓர் எடை இயந்திரம், முள் 110 பவுண்டிலேயே நிற்கும்படி. 5 அடி 9 அங்குலப் பெண்ணுக்கு 50 கிலோ. இதில் எந்தத் துணியின் தடிமன் இருக்கிறது?

ஆறிலொன்று:
அந்த இரண்டையும் நியாயப்படுத்த மாட்டேன். அது வெட்கக்கேடு.

ஆனால் மாற்றுப் பொம்மைகளின் கதையையும் பார்க்க வேண்டும். 2014-இல் நிக்கோலாய் லாம், 19 வயது அமெரிக்கப் பெண்களின் சராசரி அளவில் லாமிலி என்ற பொம்மையை மக்களிடமே பணம் திரட்டிக் கொண்டுவந்தார். முகப்பரு, தழும்பு ஒட்டுவதற்கு ஸ்டிக்கர்கூட உண்டு. வாங்கியது பெரும்பாலும் கொள்கையுள்ள பெற்றோர் என்றே நினைக்கிறேன். 2016 ஜனவரியில் மேட்டலே உயரம், குட்டை, பூசினாற்போல் என மூன்று புதிய உடல்களை வெளியிட்டது. 2019-இல் வந்த ஓர் ஆய்வில் 3 முதல் 10 வயது வரையிலான 84 சிறுமிகளிடம் காட்டியபோது, பூசினாற்போல் இருந்ததைத்தான் கடைசியில் தள்ளினார்கள். பிள்ளைக்குப் பிடிக்காததை வாங்கி அலமாரியில் வைத்து யாருக்கு என்ன பயன்?

வெண்பலகை:
மூன்று வயதிலேயே அதைத் தள்ளுகிறாள் என்றால், அந்தப் பாடத்தை எங்கோ ஏற்கெனவே படித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். ஒரே ஒரு பூசின பொம்மையைக் கொண்டுபோய் ஒல்லிகளின் நடுவில் வைத்தால் அது 'குண்டுப் பொம்மை' ஆகத்தான் தெரியும். பத்தில் நான்கைந்து அப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்பதை யாராவது சோதிக்க வேண்டும். இன்னொரு வழி, வளர்ந்த பெண்ணுடலையே விட்டுவிடுவது. 2012-இல் வந்த லாட்டி பொம்மை 18 செ.மீ., உடல்வாகு ஒன்பது வயதுச் சிறுமியுடையது, குதிகால் செருப்பு கிடையாது, தன் காலிலேயே நிற்கும்.

மூட்டுக்காரர்:
காலில் நிக்கறதுன்னு சொன்னதும் ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கை கால் மூட்டு மடங்கற வீரர் பொம்மைகள் பக்கம் வரேன். அங்க துணியே இல்ல, உடுப்பை உடம்போடயே வார்க்கிறாங்க. அப்ப ஊசிநூல் சொன்ன காரணமும் இல்ல. ஆனாலும் பெண் உருவம்னா இடுப்பு, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் குச்சி.

இதனால பொம்மையே கெடுது. ஆறு அங்குல உருவத்துல ஆணோட முழங்கையில இரட்டைக் கீல் வைக்கலாம், கை தோள் வரை மடங்கும். பெண்ணோட கை மெல்லிசு, ரெண்டு ஆணிக்கு இடமில்லைன்னு ரொம்ப நாள் ஒத்தைக் கீல்தான் வச்சாங்க, தொண்ணூறு டிகிரியோட நின்னுடும். கையை மணிக்கட்டோட சேர்க்கற முளை ரெண்டு மில்லிமீட்டர் இருந்தா பெரிசு. பெட்டியிலிருந்து எடுத்ததும் பெயின்ட் ஒட்டிக்கிட்ட மூட்டைத் திருப்பினா முளை முறுக்கிக்கிட்டு அறுந்துடும். 60, 70 டிகிரி வெந்நீர்ல ஒரு நிமிஷம் விட்டுத் திருப்பணும், அதுவும் சுழற்றாம முன்னும் பின்னுமா அசைச்சு. பாதம் சின்னது, குதிகால் உயரம், மேல முடியும் மார்பும் பாரம். ஸ்டாண்டு இல்லாம நிக்காது. சண்டை போடற வீராங்கனை, தன் காலில் நிக்கமாட்டா!

ஆறிலொன்று:
அச்சுச் செலவை மறக்காதீர்கள். ஓர் உடலுக்கான எஃகு அச்சு பல லட்ச ரூபாய். அதனால் ஒரே உடலை வைத்துக்கொண்டு தலையையும் பெயின்ட்டையும் மாற்றிப் பத்துப் பாத்திரம் விடுகிறார்கள். ஆண்களுக்கும் அதேதான்.

மூட்டுக்காரர்:
ஆண்களுக்கு நோஞ்சான், நடுத்தரம், தடியன், ராட்சசன்னு நாலு உடல் அச்சு. பெண்களுக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. செலவு காரணம்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிக்கனம் பண்ணியிருக்கணுமே?

எண்ணிக்கையும் அப்படித்தான். 1982-ல சின்ன அளவு ஜி.ஐ. ஜோ வந்தப்ப முதல் அணியில ஒரே பெண், ஸ்கார்லெட். 2015-ல அவெஞ்சர்ஸ் படத்துல பிளாக் விடோங்கற வீராங்கனை ஓட்டின மோட்டார் சைக்கிளை ஹாஸ்ப்ரோ கேப்டன் அமெரிக்காவை உட்கார வச்சு வித்தது. அதே வருஷம் ஸ்டார் வார்ஸ் மோனோபொலி விளையாட்டுப் பெட்டியில கதாநாயகி ரே இல்ல. எட்டு வயசுப் பையன் அந்தப் பெட்டியைத் திறந்தா கதையோட நாயகியே காணோம்.

ஆண் உடம்பும் தப்பலை, அதையும் சொல்லணும். அதே போப் ஆய்வுல 1964-ல 12.2 அங்குலமா இருந்த ஜோவோட புஜம், 1990-கள்ல வந்த ஜி.ஐ. ஜோ எக்ஸ்ட்ரீம்ல 26.8. அந்தக் கையால சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோக முடியாது.

ஊசிநூல்:
என் முதல் பதிவில் திருத்தம்: துணி காரணமாக 1.6 செ.மீ. வரை குறைக்கலாம், மிச்சத்துக்குத் தையல் பொறுப்பில்லை. வெண்பலகையின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன்.

பூசினாற்போல் உள்ள பார்பியை வாங்கியவர்கள், பழைய உடுப்பு பின்னால் மூடவில்லை, பேன்ட் தொடையோடு நின்றுவிடுகிறது என்று பொம்மையைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். பிள்ளை அதைத் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அவளுக்கு மாற்ற உடுப்பே இல்லை. பழைய தாள் மாதிரியைப் பக்கவாட்டில் மட்டும் அகலமாக்கினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பொம்மையைக் கிளிங் ஃபிலிமில் (உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இறுக்கிச் சுற்றி, மேலே காகித டேப் ஒட்டி, தையல் வரவேண்டிய கோடுகளைப் பேனாவால் வரையுங்கள். கோட்டோடு வெட்டிப் பிரித்துத் தட்டையாக்கினால் அதுதான் சரியான மாதிரி. சுற்றிலும் 5 மி.மீ. தையலுக்கு விடுங்கள், பின்பக்கம் வெல்க்ரோவுக்கு ஒரு சென்டிமீட்டர். பாப்ளினுக்குப் பதில் அதைவிட மெல்லிய மல்மல் துணி எடுத்தால் பட்டை தடிக்காது. சேலைக்கு அதே 92 செ.மீ. போதும், இடுப்பைச் சுற்றக் கொஞ்சம் கூடுதலாகப் போவதால் கொசுவத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.