டைப் 1 ஆய்வு: எந்த அளவுகோலை நம்புவது?

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, டைப் 1 சர்க்கரை நோயில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி செல்களைச் சேதப்படுத்துவது) இனத்துக்கு இனம் மாறுகிறதா என்று படித்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன்.

சர்க்கரை ஏறினால் செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா, சூப்பர் ஆக்சைடு என்ற அத்தகைய மூலக்கூறைக் கூடுதலாகக் கக்கும். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில், இந்தச் சேதத்தைத் தடுக்க உதவும் கேட்டலேஸ் நொதி இயல்பிலேயே குறைவு. இதுவரை சரி. குழப்பம் ஒப்பீட்டில்தான். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) ஒரே அளவில் இருப்பவர்களை ஒப்பிடலாம் என்று நினைத்தேன். ஆனால் 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி சர்க்கரை ஒன்றாக இருந்தும் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஹெச்பிஏ1சி சுமார் 0.4 சதவீதப் புள்ளி அதிகம். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு இருந்தால் நேர்மாறு: சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் அளவு குறைத்தே காட்டும். ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் அதே நொதிதான் வேண்டும் என்பது இன்னொரு தலைவலி!

சிஜிஎம் (உடலில் பொருத்திச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி) தரவை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் எஃப்2-ஐசோபுரோஸ்டேனைச் சிறுநீரில் அளந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மாதிரியை எப்படிப் பாதுகாத்தீர்கள்? அதே சேதத்தைக் காட்டும் இன்னொரு பொருளான மாலோன்டையால்டிஹைடுக்கான சோதனை மலிவுதான், ஆனால் அதற்குப் பயன்படும் டிபார்ஸ் முறை வேறு பொருள்களையும் சேர்த்தே காட்டுகிறது.

அப்புறம், வருமானம், இன்சுலின் பம்ப் வசதி இவற்றின் தாக்கத்தை இனத்திலிருந்து எப்படிப் பிரிப்பது? புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.