விரால் ஸ்பாட் லொகேஷனை குரூப்ல போடலாமா?

செங்கை தூண்டில்:
செங்கல்பட்டு, மதுராந்தகம் சுத்துவட்டாரத்துல சின்ன ஏரிகள்ல ஃப்ராக் லூர் (தவளை மாதிரி செயற்கை இரை) போட்டு விரால் பிடிக்கிறோம். மீன் போட்டோ போட்ட அஞ்சாவது நிமிஷம் "லொகேஷன் ப்ளீஸ் ப்ரோ"ன்னு வரிசை கட்டி வர்றாங்க. அனுப்பலேன்னா சீன் போடுறான்னு பேச்சு, அனுப்பினா வலை இறங்கிடுது. கழிமுகத்துல கொடுவா பிடிக்கிற இடத்துக்கும் இதே தலைவலி. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? போட்டோவை வச்சு இடத்தைக் கண்டுபிடிக்காம இருக்க என்ன பண்ணணும்?

கலங்கல்:
எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது. தண்ணி எவ்வளவு பெரிசு, பிடிச்ச மீனுக்குப் பதில் வெளியிலேர்ந்து வேற மீன் வருமா, இந்த ரெண்டைத்தான் பார்க்கணும்.

கடலோரத் தூண்டில் வளைவுக் (அலைத் தடுப்பு) கல்லுல நின்னு சீலா மீன், பாறை மீன் பிடிக்கிறீங்களா? தாராளமா சொல்லுங்க. அது சுத்துற மீன். இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இரை போன பக்கம் போயிடும். நீங்க மறைச்சு யாருக்கும் லாபம் இல்ல.

பத்து ஏக்கர் ஏரி அப்படி இல்ல. மே மாசம் தண்ணி வத்தி மதகடிப் பள்ளத்துல ஒடுங்கினதும் ஏரியோட மொத்த விராலும் அங்கதான் கிடக்கும். அது காத்து குடிக்க மேல வந்தே ஆகணும். அதனால எங்க எத்தனை இருக்குன்னு கரையில உக்காந்தே கணக்குப் போட்டுடலாம். அந்த நேரத்துல ஒரே ஒரு மேப் பின் (லொகேஷன் குறி) வெளியே போனா போதும்: ஞாயித்துக்கிழமை தூண்டில், திங்கட்கிழமை தங்கூசி வலை, புதன்கிழமை இன்வெர்ட்டர் வச்சு ஷாக். ஷாக் வச்சா பெரிசு சிறிசு வித்தியாசம் இல்லாம எல்லாம் மிதக்கும். அடுத்த மழைக்குத் தப்பிக்க வேண்டிய விதை மீனும் அதுலதான் போகும்.

மழைக்கு அப்புறமும் கவனம் வேணும். ஜோடி விரால் செம்மஞ்சள் நிறத்துல திரளுற குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிக்கும். கூட்டத்துக்கு மேல ஃப்ராக் விழுந்தா பசிக்கு அடிக்காது, விரட்டத்தான் அடிக்கும். பெரிய மீனைத் தூக்கிட்டீங்கன்னா ஜிலேபியும் கெளுத்தியும் குஞ்சைத் தீர்த்துடும். தண்ணி மேல பொடிப்பொடியா கொதிக்கிற மாதிரி ஒரு வட்டம் நகர்ந்தா அதுதான் குஞ்சுக் கூட்டம். அங்க லூர் போடவே போடாதீங்க, யாருக்கும் காட்டவும் செய்யாதீங்க.

மதகுக்காரர்:
ரகசியம் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த ஏரி யாருடையது என்று கேளுங்கள். நம் பக்கம் பல ஏரி குளங்களில் மீன் பாசி குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் உண்டு. குத்தகைக்கு எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவர் காசு தண்ணீரில் கிடக்கிறது. விரால் அந்தக் குஞ்சுகளைத் தின்னும் மீன் என்பதால், முறையாகக் கேட்டால் சிலர் விடுவார்கள். கேட்கும்போது லூரைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். தவிடு, மைதா உருண்டை எதுவும் கொண்டுவரவில்லை, கட்லா தவறி மாட்டினாலும் விட்டுவிடுவோம் என்று சொல்லுங்கள். பையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பேச்சைவிட அது நன்றாக வேலை செய்யும்.

அந்த அனுமதி உங்களுக்குக் கொடுத்தது, குரூப்புக்குக் கொடுத்தது அல்ல. ஒரு பைக் வந்தால் தலையாட்டுவார். எட்டு பைக் வந்து வரப்பை மிதித்து, கரையில் பாட்டில் போட்டால், அடுத்த வாரம் உங்களையும் சேர்த்துத்தான் துரத்துவார். பல ஸ்பாட்கள் மீன் தீர்ந்து மூடுவதில்லை, இப்படித்தான் மூடுகின்றன. அறுந்த தங்கூசியும் பிரெய்டும் (பின்னல் நூல்) கோரையில் தொங்கினால் கொக்கும் நீர்க்காகமும் காலில் சிக்கிச் சாகும். கத்தரித்துச் சுருட்டி எடுத்து வாருங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி போன்ற பறவைகள் சரணாலய ஏரிகளில் தூண்டிலே கூடாது. அதைச் சொல்லலாமா மறைக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

முகத்துவாரம்:
மேல ரெண்டு பேரும் சொன்னது ஏரிக்குச் சரி, கழிமுகத்துக்கு ஒத்துவராது. முட்டுக்காடு, எண்ணூர், பழவேற்காடு யாருக்குய்யா தெரியாது? அங்க ரகசியம் இடத்துல இல்ல, நேரத்துல இருக்கு.

முட்டுக்காட்டுல கோடையில மணல் மேடு முகத்துவாரத்தை அடைச்சுட்டா உள்ள ஏத்தமும் இல்ல, வத்தமும் இல்ல (கடல் தண்ணி ஏறி இறங்காது). மேப் பின்னைப் பிடிச்சு வந்தவன் குளத்துல வீசுற மாதிரி வீசிட்டுப் போவான். வாய் திறந்திருக்கிறப்ப அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல வத்தம் இழுக்க ஆரம்பிச்ச நேரம் பாருங்க. உள்ளேயிருந்து இறாலும் மடவையும் தண்ணியோட வெளியே வரும். பாலத் தூணுக்குப் பின்னாடி ஓட்டம் குறைஞ்ச நிழல்ல கொடுவா காத்திருக்கும். லூரைத் தூணுக்கு மேல் பக்கம் போட்டு, ஓட்டத்தோடயே நழுவ விடணும். எதிர்த்து இழுத்தா இரை மாதிரி தெரியாது. பிஇ 2 (நூல் தடிமன் அளவு) பிரெய்டு, முன்னாடி ஒரு மீட்டர் 40 எல்பி (பவுண்டு) ஃப்ளூரோகார்பன் லீடர் (முனை நரம்பு) வேணும். செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், வெறும் பிரெய்டை ஒரே உதறல்ல அறுத்துடும்.

இவ்வளவையும் பொதுவுல எழுதலாம். கூடவே இதையும் எழுதுங்க: கொடுவா முதல்ல ஆண், வளர்ந்த பிறகுதான் பெண்ணா மாறும். மூணு அடிக்கு வளர்ந்தது பெரும்பாலும் முட்டை போடுற மீன். அதைத் தண்ணியிலேயே கொக்கி கழட்டி விடுங்க.

பூட்டி வச்சா காப்பாத்தினதா அர்த்தமும் இல்ல. 2023 டிசம்பர்ல எண்ணூர்க் கழிமுகத்துல எண்ணெய் படிஞ்சப்ப, விஷயத்தைப் பேச அங்க தினம் வலை போடுற சனம் இருந்துச்சு. யாருக்கும் தெரியாத குட்டையில லாரி லாரியா கட்டடக் கழிவு கொட்டினா யார் கேட்பாங்க?

செங்கை தூண்டில்:
சரிங்கண்ணே. போட்டோ விஷயம்? லொகேஷன் கேட்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

கலங்கல்:
போன் கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷன் டேக் இருக்கும், அணைச்சுடுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா இடக் குறிப்பு போயிடும். தெளிவா இருக்கட்டும்னு டாக்குமெண்டா அனுப்பினா உள்ளேயே இருக்கும், நிறைய பேர் இங்கதான் மாட்டுவாங்க. அதைவிடப் பெரிய எதிரி பின்னணி. மதகுல எழுதியிருக்கிற வருஷம், செல்போன் டவர், கோபுரம், மலை முகடு, இதுல ஒண்ணு போதும், உள்ளூர்க்காரன் ஊரைச் சொல்லிடுவான். உக்காந்து, மீனைத் தாழப் பிடிச்சு, கேமராவைக் கீழ் நோக்கி வச்சு எடுங்க. புல்லும் தண்ணியும் மட்டும்தான் தெரியும். கரையில நிறுத்தின வண்டி நம்பரோட ஸ்டோரி போடுறவங்களுக்கு மருந்து இல்ல.

கேட்கிறவங்களுக்கு மேப் பின் அனுப்பாதீங்க, செயற்கைக்கோள் படம் காட்டுற கோப்பர்நிகஸ் ப்ரௌசர் லிங்க்கை அனுப்புங்க. இலவசம்தான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் சுமாரா அஞ்சு நாளுக்கு ஒண்ணு வரும். போன ரெண்டு மூணு வருஷத்து மே மாசப் படத்தைத் திறந்து, கடைசி வரைக்கும் தண்ணி நின்ன ஏரியைக் குறிச்சுக்கச் சொல்லுங்க. வருஷா வருஷம் காயாத ஏரியிலதான் பெரிய விரால் தங்கும். நேர்ல போய் அல்லி, கோரை ஓரம் இருக்கான்னு பார்த்தா போதும். உழைச்சுக் கண்டுபிடிச்சவன் அவ்வளவு சீக்கிரம் வெளியே சொல்ல மாட்டான்.

வேணும்னா நம்பிக்கையான ஆளை மெயின் ரோட்டுல ஏத்திக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கு ஒருத்தர் காட்டின இடத்துக்கு மூணாவது ஆளை அழைச்சுட்டுப் போறதா இருந்தா அவர்கிட்ட முதல்ல கேளுங்க.

மதகுக்காரர்:
ஒன்று விட்டுப்போனது. காவிரியின் திமில் மஹ்சீர் 2018-இல் ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டது. மோயாறு, காவிரிப் பக்கம் அதைப் பார்த்தால் ஊர் பெயர்கூட வேண்டாம், மாவட்டத்தோடு நிறுத்துங்கள். வெடி போடுபவர்களும் நம் பதிவுகளைப் படிக்கிறார்கள். 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே தூண்டில் போட்டால் நடவடிக்கை வனத்துறையிலிருந்து வரும்.

செங்கை தூண்டில்:
கடைசியா ஒண்ணு. கைவிட்ட கல்குவாரித் தண்ணி? அதை எந்த ஏலத்துலயும் யாரும் எடுக்கல.

முகத்துவாரம்:
அதை மட்டும் பொதுவுல போடவே போடாதீங்க தம்பி. மீனுக்காகச் சொல்லல. குவாரியில ஓரம்னு ஒண்ணு கிடையாது, ஒரு அடி தள்ளினா நாப்பது அடி ஆழம் இருக்கலாம். சுவர் செங்குத்து, பாசி வழுக்கும், நீச்சல் தெரிஞ்சவனும் ஏற முடியாது. லூர் சிக்குச்சுன்னு பள்ளிக்கூடத்துப் பசங்க இறங்குவாங்க. நீங்களும் தனியா போகாதீங்க. லைஃப் ஜாக்கெட் போடுங்க, முடிச்சுப் போட்ட 20 மீட்டர் கயிறை மேல பாறையில கட்டித் தண்ணி வரைக்கும் தொங்கவிட்டுட்டு அப்புறம் ராடைப் பிரிங்க.